மூன்று மாதச் சம்பளம்

விமானம் முப்பது கிலோவுக்கு மேல் ஏற்காது.
ஆகவே சம்பளமும் முப்பது கிலோவோடு நின்றுவிட்டது.

ஷார்ஜாவில் அந்தத் துருக்கிச் சாப்பாட்டுக் கடைக்கு
ஷட்டர் இறங்கிய அன்று
ரொக்கம் இல்லை என்று கைவிரித்த முதலாளி
சரக்கறைச் சாவியைத் தராசின் மேல் வைத்தாராம்.
எட்டுப் பேர். ஒரு தராசு.
பாத்திரம் கழுவிய நேபாளப் பையன்
ஆலிவ் எண்ணெய் எடுத்துக்கொண்டான்.
மச்சானுக்கு வத்தல்.

மேலப்பாளையத்தில் விடியுமுன் பெட்டியைத் திறந்தோம்.
தைலம் இல்லை, சென்ட் இல்லை,
பிள்ளைகளுக்குச் சாக்லேட் இல்லை.
கருத்துச் சுருங்கி, காது காதாக
ஒரு பழம்.
"கய்சி" என்றார்.
எனக்குக் "காய்ச்சி" என்று கேட்டது.
சரிதான், வெயில் காய்ச்சியது.
கடையில் மஞ்சளாய் மினுங்குவது கந்தகப் புகை குடித்ததாம்;
இது கூரைமேல் கிடந்து
வெயிலைத் தவிர ஒன்றும் அறியாததாம்.

அடியில் அத்தி. அதற்கும் அடியில்
குடைந்து உலர்த்திய கத்தரிக்காய்த் தோடுகள்,
ஐம்பது ஐம்பதாய்ச் சரம் கோத்து.
சின்னவள் ருமைஸா ஒன்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டு
மணப்பெண் நடை நடந்தாள்.
நான் சிரிக்கவில்லை.
பீடித்தட்டு மடியில் இருந்தது.
ஆயிரம் சுற்றினால் வருகிற காசை
விரல் பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருந்தது.

டவுனில் மொத்தக்கடை ஆவுடைநாயகம்
ஒன்றைப் பிட்டு முகர்ந்து
"நிறம் செத்துப்போச்சே பாய்" என்றார்.
கிலோ நூற்றிப்பத்து.
எழுந்து வந்தவர்
பஸ் முழுக்கப் பெட்டியை மடியில் வைத்திருந்தாராம்,
காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல.

செவ்வாய்க்கிழமை. சந்தைக் கிடா கத்துவது
எங்கள் தெருவரைக்கும் கேட்கும்.
முக்கால் கிலோ தொடைக்கறி கடனுக்கு வாங்கி
அடுப்பை அவரே பிடித்துக்கொண்டார்.
வெங்காயம், பட்டை, மிளகு.
தேங்காய் கிடையாது. மிளகாய்த்தூள் டப்பாவை
என் கையிலிருந்து வாங்கி உயரத்தில் வைத்தார்.
கறி பாதி வெந்ததும் கய்சியைக் கொட்டினார்.
"இனிப்பையா கறியில போடுதிய?"
"புளிக்குழம்புல நீ வெல்லம் கிள்ளிப் போடலியா?"
வாயடைத்தேன்.
கத்தரித் தோடு வெந்நீரில் கிடந்து
மெத்தென்று விரிந்தது;
சீரகச்சம்பா, புதினா, கொத்துக்கறி அடைத்தோம்.
அங்கே சுமாக் என்று ஒரு புளிப்புப் பொடியாம்.
இங்கே புளி இருக்கிறது, போதும்.

அந்நேரம் பார்த்துத் தவணைக்காரர் ஞானசிகாமணி.
நோட்டைத் திறக்குமுன் தட்டு போய்விட்டது.
முதல் வாயில் புருவம் சுருங்கியது.
இரண்டாவதில் பேச்சு நின்றது.
அப்புறம் சோறு கேட்டு வாங்கினார், ரெண்டு தடவை.
கை கழுவி, துண்டில் துடைத்து,
நோட்டைத் திறந்தார்.
தவணை தவணைதான்.
பீடிக்காசில் கொடுத்தேன்.
வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே,
"அந்தக் கருத்த பழம்... தங்கச்சி
பிள்ளைத்தாச்சியா இருக்கா" என்று இழுத்தார்.
ஒரு கை அள்ளிப் பொட்டலம் கட்டினார் மச்சான்.
விலை சொல்லவில்லை.
எனக்குக் கோபம்தான்.

ராத்திரி கணக்குப் போட்டேன்.
தொண்ணூறு நாள், முப்பது கிலோ.
மூன்று நாளுக்கு ஒரு கிலோ.
எண்ணிப் பார்த்தேன், கிலோவுக்கு நூற்றி இருபது பழம்;
நாளுக்கு நாற்பது.
ரொட்டி அடுப்பில் முழங்கை வெந்த நாளும்
இதற்குள் எங்கோ கிடக்கும்.
போனை எடுக்காமல் விட்ட நாளும்.
இன்று கறியில் கரைந்தது எத்தனை நாள்?
தவணைக்காரர் தங்கை தின்னப்போவது
எந்த வாரம்?

ஒன்றை எடுத்து அவர் வாயில் வைத்தேன்.
"இது எந்த நாளு, சொல்லுங்க."
கண்ணை மூடி மென்றார்.
ரொம்ப நேரம் மென்றார்.
"வெள்ளிக்கிழமை" என்றார்.
"லீவு. துணி துவைச்சேன்."